அடுக்களைப் பக்கம்: பரங்கிக்காயைப் பச்சையாக உண்ணலாமா?



கடற்கரை ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி மடல் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே உடன் தங்கியிருந்த நண்பர்கள் மஞ்சள் பரங்கிக்காயை மெல்லியதாகச் சீவி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, பச்சையாகவே உண்பதைப் பார்த்து, தாமும் உண்டு பழகியவர். ஊருக்கு வந்தபின், "அதைப் போலவே செய்து கொடு" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். மாமியாரோ, "பரங்கிக்காயை யாராவது பச்சையாகத் தின்பார்களா? வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று கையிலிருந்த துருவியை வாங்கி வைத்துவிட்டாராம். "கணவரின் ஆசையைத் தட்டவும் மனமில்லை, மாமியின் சொல்லை மீறவும் துணிவில்லை. தாங்களே ஒரு முடிவு கூறுங்கள்" என்று மடலை முடித்திருக்கிறார்.

உண்ணலாம் என்பதே என் விடை. முறையாகச் செய்தால் சுவையான பண்டம், செலவும் குறைவு, அடுப்பும் வேண்டியதில்லை. எனினும் மாமியார் அஞ்சியதையும் நான் தள்ளிவிடமாட்டேன். அந்த அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதனை எங்கள் வீட்டிலேயே, நோன்பு திறக்கும் விரிப்பில் அமர்ந்து கண்ணால் கண்டவள் நான். அதைக் கூறாமல் செய்முறையை மட்டும் எழுதிவிட்டால் என் கடமை முடிந்ததாகாது.

எந்தக் காயைச் சொல்கிறோம்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பரங்கிக்காய், மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி, கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றெல்லாம் வழங்கப்படுவது ஒரே காய்தான். மேலே சாம்பல் பூத்து, உள்ளே வெண்மையாக இருக்கும் நீர்ப்பூசணி வேறு, சுரைக்காய் வேறு. வளைகுடாக் கடைகளில் 'பட்டர்நட்' என்ற பெயரில், சுரைக்குடுவை போன்ற வடிவில், தந்த நிறத் தோலோடு விற்கப்படுவது நம் பரங்கியின் உடன்பிறப்பு. இரண்டையும் தாவர நூலார் 'குக்குர்பிட்டா மொஸ்காட்டா' என்ற ஒரே இனத்தில் சேர்ப்பர். ஆகவே அச்சகோதரியின் கணவர் அங்கே உண்டதை இங்கே நம் சந்தைக் காயிலேயே செய்துகொள்ளலாம்.

இக்காய் நம் நாட்டுக்கு உரியதன்று. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டின் ஒரு குகையில் கிடைத்த பூசணி விதைகள் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள் பழமையானவை என்று 1997-ல் ஆய்வாளர் அறிவித்தனர். 1492-க்குப் பின்னரே இவ்வினம் கடல் கடந்து உலகெங்கும் பரவியது. ஐரோப்பியரை அரபு மக்கள் 'இஃப்ரன்ஜ்' என்றும், பாரசீகர் 'ஃபரங்கி' என்றும் அழைத்தனர். அச்சொல்லே தமிழில் 'பரங்கி' ஆயிற்று. போர்த்துக்கீசியர் 'போர்ட்டோ நோவோ' என்றழைத்த, நம்மவர் பலர் வாழும் பரங்கிப்பேட்டையின் பெயரிலும் அந்தப் பரங்கியே இருக்கிறான். அவன் கப்பலில் வந்த காய் என்பதால் இது பரங்கிக்காய்.

இந்த வகைக் காய்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்குவாஷ்' என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. வட அமெரிக்கப் பழங்குடியினரான நாரகன்செட் மக்கள் 'அஸ்குடாஸ்குவாஷ்' என்று கூறி வந்ததை, 1643-ல் ரோஜர் வில்லியம்ஸ் என்பவர் தம் நூலில் பதிவு செய்தார். 'பச்சையாக உண்ணப்படுவது' என்பதே அச்சொல்லின் பொருள். அவர்கள் பெரும்பாலும் பிஞ்சுகளையே அவ்வாறு உண்டிருப்பர். என்றாலும், பச்சையாகத் தின்பார்களா என்று மாமியார் கேட்ட கேள்விக்கு அக்காயின் பெயரே விடை கூறிவிடுகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தையற்காரர் அளித்த விருந்தில் 'துப்பா' என்னும் காயைத் தேடித் தேடி உண்டார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதனைப் பூசணி என்று சிலர் மொழிபெயர்த்து, பரங்கிக்காய்க்கும் அச்சிறப்பைச் சேர்த்துக் கூறுவதுண்டு. அமெரிக்காவிலிருந்து இக்காய் புறப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி அது. அங்கே கூறப்பட்டது சுரைக்காய். அதுவும் இறைச்சியோடு குழம்பில் வெந்தது. பரங்கிக்காய்க்கு அதன் சொந்தச் சிறப்பே போதுமானது.

பச்சையாக உண்பதில் என்ன பயன்?

நூறு கிராம் பச்சைப் பரங்கிக்காயில் ஏறத்தாழ 92 கிராம் தண்ணீர்தான். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து ஆறரை கிராம். அது தரும் ஆற்றல் 26 கலோரி. பொட்டாசியம் 340 மில்லிகிராம், வைட்டமின் 'சி' 9 மில்லிகிராம் அளவில் உண்டு. அதன் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் சுமார் 3 மில்லிகிராம். இந்தக் கரோட்டினை நம் உடல் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. பட்டர்நட் வகையில் மாவுச்சத்து சற்று மிகுதி. நூறு கிராமுக்கு 45 கலோரி.

பச்சையாக உண்டால் எல்லாச் சத்தும் அப்படியே கிடைக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. வைட்டமின் 'சி' வெப்பத்தில் அழிவது. வேகவைத்த நீரைக் கொட்டும்போது அதனோடு கரைந்தும் போவது. பச்சையாக உண்ணும்போது அது காக்கப்படுகிறது. கரோட்டினின் கதை வேறு. காயின் கெட்டியான நார்ச் சுவர்களுக்குள் அது அடைபட்டிருக்கிறது. வேகும்போது சுவர் இளகி, கரோட்டின் எளிதில் வெளிப்படும். பச்சையாக உண்கையில் அதில் ஒரு பகுதி கிடைக்காமலே போகும். அதை ஈடுசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இயன்ற அளவு மெல்லியதாகத் துருவி, நன்றாக மென்று உண்பது. மற்றொன்று, ஏதேனும் ஓர் எண்ணெயையோ கொழுப்பையோ சேர்ப்பது. கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெய் சிறிதுமில்லாத பரங்கிச் சீவல் நாவுக்கு இனிக்கலாம். உடலுக்குச் சேர வேண்டியது முழுவதும் சேராது.

ஆகவே கூட்டையும் தாளிச்சாவையும் விட்டுவிட வேண்டியதில்லை. சமைத்ததும் ஒரு நாள், பச்சையாக ஒரு நாள் என்று மாற்றி உண்பதே சிறப்பு. எண்ணெயில் பொரித்தவை விரிப்பை நிறைத்திருக்கும் நோன்புக் காலத்தில், இத்தகைய குளிர்ந்த, நீர்ப்பசையுள்ள பண்டம் ஒன்று இருப்பது வயிற்றுக்கு இதம்.

வாப்பாவுக்கு வந்த சோதனை

இனி, நான் முன்னர்க் குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. எங்கள் வீட்டுக் கொல்லையில், சாக்கடை நீர் பாயும் குப்பை மேட்டோரம், யாரும் ஊன்றாமலே ஒரு பரங்கிக்கொடி முளைத்துப் படர்ந்தது. ரமளான் மாதத்தில் முதற்காய் முற்றியது. "வீட்டில் விளைந்தது, மருந்தடிக்காதது" என்று எனக்குப் பெருமிதம். அன்று மாலை அதைத் துருவி, எலுமிச்சை பிழிந்து, வேர்க்கடலை தூவி, இஃப்தாருக்கு வைத்தேன். நோன்பு வைத்திருந்ததால் நாவில் ஒரு துளியும் வைத்துப் பார்க்கவில்லை.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழமும் கஞ்சியும் ஆனபின் எல்லோரும் கிண்ணத்தில் கைவைத்தார்கள். என் தம்பி ஒரு வாய் போட்டதும் முகத்தைச் சுளித்து, "ராத்தா, கசக்குது" என்றான். வாப்பா உடனே அவனை அடக்கினார்கள். "உணவைக் குறை சொல்லாதே. ராத்தா நோன்போடு நின்று செய்திருக்கிறாள்" என்றார்கள். என் முகம் வாடியதைக் கண்டார்கள் போலும். தம்பி ஒதுக்கியதையும் தம் தட்டில் இட்டுக்கொண்டு, "கசப்பு சர்க்கரைக்கு நல்லதுதானே" என்று சிரித்தபடியே முழுவதையும் உண்டார்கள். வாப்பாவுக்கு நெடுநாள் நீரிழிவு உண்டு.

மஃரிப் தொழுதுவிட்டு எழுந்தவர்களுக்கு வயிற்றைப் புரட்டியது. தராவீஹுக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காமல் தொடர்ந்தன. கைகால்கள் சில்லிட்டன. வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த மருத்துவர் என்ன உண்டார் என்று விசாரித்தார். பரங்கிக்காய் என்றதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "கசந்ததா?" என்பதே. "கசந்தது, டாக்டர்" என்றார்கள் வாப்பா மெல்லிய குரலில். இரத்த அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. இரவு முழுவதும் நரம்பில் நீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு வாயோடு நிறுத்திய தம்பிக்கு எதுவும் நேரவில்லை. என் மனம் நோகக்கூடாதென்று உண்டவர்களுக்கே அத்தனை துன்பமும்.

கசப்பு எங்கிருந்து வருகிறது?

பூசணி, சுரை, வெள்ளரி ஆகிய குடும்பத்துச் செடிகள் தம்மைத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்ட 'குக்குர்பிட்டாசின்' என்னும் கசப்பு நஞ்சை உண்டாக்குகின்றன. காட்டு வகைகளில் இது மிகுதி. மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கசப்பற்ற விதைகளையே பொறுக்கி வளர்த்ததால், சந்தைக்கு வரும் காய்களில் அது அநேகமாக இல்லை. ஆயினும் சில வேளைகளில் அக்குணம் திரும்பிவிடும். அதே இனத்துக் கசப்புக் கொடியின் மகரந்தம் கலந்துவிட்டால், அக்காயின் விதையிலிருந்து முளைக்கும் அடுத்த தலைமுறை கசக்கலாம். குப்பை மேட்டில் தானாக முளைத்த கொடி எந்த விதையின் பிள்ளையென்று நாம் அறியோம். கடும் வறட்சியில் வாடிய செடியிலும் கசப்பு கூடுவதுண்டு. அழகுக்காக வளர்க்கப்படும் குட்டிப் பூசணிகள் கறிக்கு உரியவையல்ல.

வேகவைத்தாலும் இந்நஞ்சு அழியாது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 2015-ல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், தோட்டத்தில் விளைந்த சுக்கினிக் காயைச் சமைத்துண்ட 79 வயது முதியவர் உயிரிழந்தார். கசக்கிறதென்று சிறிதளவே உண்ட அவர் மனைவி பிழைத்துக்கொண்டார். நம் நாட்டிலும் 2010-ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றை அருந்திய ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்தது. சாறெடுக்குமுன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும், உண்டபின் வாந்தியோ வயிற்று வலியோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அக்குழு அறிவுறுத்தியது. பரங்கிக்கும் அதே விதிதான்.

பாகற்காய் கசக்கவில்லையா என்று கேட்பீர்கள். பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு; பரங்கிக்கு அது இயல்பன்று. இனிக்க வேண்டிய ஒன்று கசக்குமாயின், அக்கசப்பு மருந்தாகாது; எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்குக் கசப்பெல்லாம் நல்லதென்னும் நம்பிக்கையே எங்கள் வாப்பாவைப் படுக்கையில் கிடத்தியது.

இன்னொன்றையும் நான் அன்று கற்றுக்கொண்டேன். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை என்பதை நாம் அனைவரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அதே அறிவிப்பின் பிற்பகுதி, விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது. முற்பகுதியை நினைவில் வைத்த நாம் பிற்பகுதியை மறந்துவிட்டோம். கசப்பதை அமைதியாக ஒதுக்கி வைப்பதற்கு அதில் இடம் இருக்கிறது. "கசக்குது" என்று தம்பி கூறியது குறையன்று; அன்று அந்த விரிப்பில் உண்மையாகப் பயன்பட்ட சொல் அது ஒன்றே.

முதலில் நாவில் ஒரு துண்டு

ஆகவே சகோதரிகளே, காயை அறுத்தவுடன் நடுச்சதையிலிருந்து நகக்கண் அளவு துண்டெடுத்து நுனி நாவில் வைத்து மெல்லுங்கள். இனிப்போ, வெள்ளரி போன்ற சப்பென்ற சுவையோ இருந்தால் நன்று. இலேசாகக் கசந்தாலும் துப்பிவிட்டு வாய் கொப்புளியுங்கள். அக்காயைக் கறிக்கும் பயன்படுத்தாதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். அதன் விதையை ஊன்றவும் வேண்டாம். இரண்டாவது காயை அறுத்தால் அதற்கும் தனியே இச்சோதனை வேண்டும்.

நோன்பு நாளில் என்ன செய்வது? வீட்டில் நோன்பு கடமையாகாத பெரியவர் எவரேனும் இருந்தால் அவரைச் சுவைத்துச் சொல்லச் செய்யலாம். தேவையிருப்பின் சமைப்பவர் நாநுனியில் வைத்துப் பார்த்து, சிறிதும் விழுங்காமல் உமிழ்ந்துவிட்டால் நோன்புக்குக் குறையில்லை என்று மார்க்க அறிஞர்கள் கூறியுள்ளனர். ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லையெனில், சீவலைத் தனியே மூடி வைத்திருந்து, நோன்பு திறந்தபின் செய்தவரே முதல் வாய் உண்டுவிட்டுப் பிறகு பரிமாறுங்கள். எங்கள் வீட்டில் அந்த ரமளானிலிருந்து இன்றுவரை நடப்பது இம்முறைதான்.

காய் வாங்கும்போது

சந்தையில் பத்தை போட்டு விற்கும் பரங்கிக்காயைப் பச்சையாக உண்பதற்கு வாங்காதீர்கள். ஈ மொய்த்ததா, எத்தனை நேரம் வெயிலில் இருந்தது, எந்தக் கத்தி பட்டது என்பதை நாம் அறியோம். அது குழம்புக்கு ஆகட்டும். பச்சையாக உண்பதற்கு முழுக்காயே ஏற்றது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கோ 2' போன்ற வகைகள் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையே இருக்கும். சிறு குடும்பத்துக்குப் போதும். பெரிய காயாக அமைந்துவிட்டால் பாதியை அறுத்த கையோடு அண்டை வீட்டுக்குக் கொடுத்து விடுங்கள். வீணாவதும் தவிரும், உறவும் வளரும்.

முற்றிய காயின் தோலில் நகம் இறங்காது. காம்பு காய்ந்து தக்கை போலிருக்கும். உருவத்துக்கு மீறிய எடை இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கும் இடமோ, கீறலோ, காம்படியில் கசிவோ இருந்தால் வேண்டாம். அறுக்காத காயைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் ஓரிரு மாதங்கள் கெடாது; வைக்க வைக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பும் கூடும். அறுத்த காயைப் பச்சையாக உண்பதானால் அன்றே உண்டுவிடுங்கள். குளிர்ப்பெட்டி உள்ளவர்கள் விதையையும் சோற்றையும் வழித்துவிட்டு, இறுக மூடி மூன்று நாட்கள் வரை வைத்துக்கொள்ளலாம்.

சீவும் முறை

தோலை எறியத்தானே போகிறோம் என்று கழுவாமல் அறுப்பது தவறு. தோலிலுள்ள மண்ணும் கிருமியும் கத்தியோடு உள்ளே இறங்கும். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்தபின் அறுங்கள். இறைச்சி வெட்டிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

சிலருக்கு இக்காயின் பிசுக்கு கையில் பட்டுக் காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கும், உரியவும் செய்யும். கையில் சிறிது தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வேலையைத் தொடங்கினால் அத்தொல்லை இராது. காயை இரண்டாகப் பிளந்து, விதையையும் நார்ச்சோற்றையும் கரண்டியால் வழித்தெடுங்கள். விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் பிள்ளைகளுக்கு நல்ல தின்பண்டம். தோலைச் சற்று ஆழமாகவே சீவுங்கள். தோலடியிலுள்ள பச்சை வரி மறைந்து, ஆரஞ்சு நிறம் தெரியும்வரை சீவ வேண்டும்.

பச்சைப் பரங்கி கடினமான காய். துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் மரத்தை மெல்வது போலிருக்கும். பலரும் ஒருமுறை உண்டு கைவிடுவது இதனாலேயே. காரட் துருவியில் துருவுங்கள். அல்லது தோல் சீவும் கருவியால் நாடா போல மெல்லியதாக இழுத்தெடுங்கள். இரண்டு கோப்பைத் துருவலுக்குக் கால் தேக்கரண்டி உப்பு பிசறிப் பத்து நிமிடம் விட்டால் காய் இளகி, நீர் விடும். இலேசாகப் பிழிந்துகொண்டு, அந்நீரைக் குழம்பில் சேர்த்துவிடுங்கள். கரைந்த சத்து வீணாக வேண்டாம்.

எலுமிச்சைச் சீவல்

தேவையானவை: பரங்கித் துருவல் 2 கோப்பை (சுமார் 250 கிராம்), சின்ன வெங்காயம் 6, பச்சை மிளகாய் 1, எலுமிச்சம்பழம் 1, வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலை 3 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, கொத்துமல்லித் தழை, புதினா, மிளகுத்தூள், உப்பு.

உப்பில் பிசறிப் பிழிந்த துருவலில், பொடியாக அரிந்த வெங்காயத்தையும் மிளகாயையும் சேர்த்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். பிறகு நல்லெண்ணெய், தழைகள், மிளகுத்தூள் சேர்த்துக் கிளறுங்கள். வேர்க்கடலையைப் பரிமாறும்போது தூவினால்தான் மொறுமொறுப்பு இருக்கும். மடல் எழுதிய சகோதரியின் கணவர் கேட்டது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

தயிர்ப் பச்சடி

பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் வெங்காயப் பச்சடியே வைத்துச் சலித்தவர்களுக்கு இது ஒரு மாற்று. ஒன்றரைக் கோப்பைத் துருவலோடு, புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கோப்பை, அரிந்த பெரிய வெங்காயம் பாதி, பச்சை மிளகாய் ஒன்று, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி சேர்த்துக் கலக்குங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, சற்று ஆறியபின் மேலே ஊற்றுங்கள். முன்கூட்டியே கலந்து வைத்தால் நீர்த்துப்போகும். விரிப்பில் அமரும் நேரத்தில் தயிரைச் சேருங்கள்.

பேரீச்சம்பழக் கலவை

ஒன்றரைக் கோப்பைத் துருவலை உப்பில் பிசறாமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம் 8, கமலா ஆரஞ்சுச் சாறு கால் கோப்பை, ஜைத்தூன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, கிள்ளிப் போட்ட முந்திரி பத்து, ஒரு சிட்டிகைப் பட்டைத்தூள் சேர்த்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிள்ளைகள் விரும்பி உண்பார்கள். பேரீச்சம்பழத்தின் இனிப்பு மிகுதியாதலால், நீரிழிவு உள்ளவர்கள் முதலிரண்டு வகைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எதைக் கலந்தாலும், வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கோடையில் ஒரு மணி நேரமே எல்லை.

யாருக்கு ஆகாது?

சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம். நன்றாக மெல்லத் தெரியாத குழந்தைகளுக்கும், பல்லிழந்த முதியவர்களுக்கும் வேகவைத்தே கொடுங்கள். வயிறு எளிதில் உப்புபவர்கள் முதல் நாள் இரண்டு மேசைக்கரண்டி அளவோடு தொடங்கலாம். நாள்தோறும் மிகுதியாக உண்பவர்களுக்கு உள்ளங்கை மஞ்சள் பூக்கக்கூடும். அது கரோட்டினின் நிறம், உண்பதைக் குறைத்தால் மாறிவிடும். கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளானால் அது வேறு. மருத்துவரைக் காண வேண்டும்.

மடல் எழுதிய சகோதரிக்கு ஒரு சொல். இவ்விதழை மாமியாரிடமே படித்துக் காட்டுங்கள். அவருடைய அச்சம் வீண் அச்சம் அன்று என்பதையும் கூறுங்கள். பிறகு துருவியை அவர் கையிலேயே கொடுத்து, நல்ல முழுக்காயாக ஒன்றைத் தேர்ந்து, முதல் துண்டைச் சுவைத்துச் சொல்லும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். எத்தனையோ ஆண்டுகள் அடுக்களையில் உப்பும் புளியும் பார்த்த நாக்கு அது. கசப்பை நம்மைவிட விரைவில் அறியும். அவர் தலையசைத்தால் எலுமிச்சையைப் பிழியுங்கள். முகத்தைச் சுளித்தால், யார் மனம் நோகும் என்று எண்ணாமல் காயை எறிந்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.